பொத்தானை அழுத்துமுன் அடங்கும் பீட்டா: எட்டு மின்முனைகளோடு ஒரு சோதனைப் பதிவு

இரண்டு கைகளின் கட்டைவிரல்களுக்கும் அடியில் ஆளுக்கொரு பொத்தான். எதிரே திரையில் சிதறி நகரும் வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகளில் பெரும்பாலானவை குறிக்கோளின்றி அலையும். ஒரு சிறு பங்கு மட்டும் இடமாகவோ வலமாகவோ சேர்ந்து நகரும். அந்தத் திசையைக் கண்டுகொண்டு உரிய பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு எவ்வளவு முன்பாக, எந்தக் கை அழுத்தப்போகிறது என்பது உச்சந்தலையில் ஒட்டிய மின்முனைகளில் தெரியும் என்பதே நான் விடை தேடிய கேள்வி. மூன்று மாத மாலைப்பொழுதுகள் இதற்குச் செலவாயின. அதில் பாதிக்கு மேல் மூளையைப் பற்றியதே அன்று. கம்பி, பசை, கடிகாரம் ஆகியவற்றைப் பற்றியது.

எதை எதிர்பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிந்து 1929இல் வெளியிட்டபோது அவர் கண்ணில் பட்டது நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை ஏறி இறங்கும் ஆல்பா அலை. அதைவிட விரைவான, 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவுகளைப் பீட்டா என்கிறோம். கை அசையாமல் ஓய்ந்திருக்கும்போது, அந்தக் கையை இயக்கும் புறணிப்பகுதியின் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) மேல் பீட்டா வலுவாக இருக்கும். கையை அசைக்க ஆயத்தமாகும்போதே அது தளரத் தொடங்கும். அசைவு முடிந்த பின் பழைய அளவையும் தாண்டி எழும்பும். இப்படி ஒரு நிகழ்வை ஒட்டி அலை தளர்வதை 1970களிலேயே ஃபுர்ட்ஷெல்லர் அளந்து காட்டினார். வலக்கையை இயக்குவது இடப்பக்க மூளை என்பதால், தளர்ச்சி எந்தப் பக்கம் மிகுதியோ அதற்கு எதிர்ப்பக்கக் கை அசையப்போகிறது என்று கொள்ளலாம். 2009இல் டோனரும் உடன் பணியாற்றியோரும் காந்தமுறை மூளைப்பதிவின் வழியே, இந்தப் பக்கச் சாய்வு அசைவுக்குச் சற்றுமுன் திடீரெனத் தோன்றுவதன்று, புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிப்படியாக வளர்கிறது என்று காட்டினார்கள். அவர்களிடம் இருந்தது நூற்றுக்கணக்கான உணரிகள் கொண்ட, ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கருவி. என்னிடம் இருந்தது மூளையலை போன்ற நுண்ணிய மின்னழுத்தங்களை அளக்கும் ஏடிஎஸ்1299 சில்லு பொருத்திய, எட்டு வழிகளில் நொடிக்கு 250 மாதிரிகள் எடுக்கும், உள்ளங்கையளவுப் பலகை ஒன்று.

அளவு நாடாவும் பசையும்

மின்முனைகளை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பது, தலையின் அளவைப் பத்து, இருபது விழுக்காட்டுப் பங்குகளாகப் பிரித்து இடம் குறிக்கும் ‘பத்து–இருபது’ என்ற அளவீட்டு முறை. மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை நாடாவை ஓட்டி, அதன் நடுவைக் குறிக்க வேண்டும். பிறகு அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு காதுக்கு முன்னுள்ள குழியிலிருந்து மறு காதின் குழிவரை அளக்க வேண்டும். என் தலையில் இந்த இரண்டாம் அளவு 36 சென்டிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7.2 சென்டிமீட்டர், உச்சியிலிருந்து இடப்பக்கம் இறங்கினால் சி3. வலப்பக்கம் இறங்கினால் சி4. கையை இயக்கும் புறணி ஏறத்தாழ இவற்றின் அடியில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு மின்முனை, நெற்றியில் கண்சிமிட்டலைப் பிடிக்க ஒன்று, உச்சிக்குச் சற்று முன்னே நடுக்கோட்டில் ஒன்று என்று எட்டு வழிகளும் நிரம்பின. ஒப்பீட்டு மின்முனை ஒரு காது மடலில், தரை மின்முனை மறு காது மடலில்.

சி3இன் முன்னும் பின்னும் மின்முனை வைத்தது அழகுக்காக அன்று. மண்டையோடு மின்னழுத்தத்தைப் பரப்பிக் கலக்கிவிடுவதால், சி3இல் தெரிவதில் பாதி வேறெங்கிருந்தோ வந்ததாக இருக்கும். அண்டை மின்முனைகளின் சராசரியைச் சி3இலிருந்து கழித்தால், எல்லாவற்றிலும் பொதுவாகத் தெரிவது நீங்கி, அந்த இடத்துக்கே உரியது ஓரளவு மிஞ்சும். நான்கு பக்கமும் அண்டை இருந்தால் இன்னும் நல்லது. எட்டு வழிகளில் அதற்கு இடமில்லை.

முடியை விலக்கி, தோலை உராய்ப்புக் களிம்பால் இலேசாகத் தேய்த்து, கிண்ண மின்முனையில் கடத்தும் பசையை நிரப்பி அழுத்த வேண்டும். தோல் தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை நான் பதிவைத் தொடங்குவதில்லை. முதல் வாரத்தில் இதில் பொறுமை இல்லாமல் 40 கிலோ ஓமோடு உட்கார்ந்தேன். திரையில் கிடைத்தது மூளை அன்று. வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்தான். கம்பிகளைப் பின்னலாகச் சேர்த்து முறுக்கிக் கட்டியதும் பாதி அடங்கியது. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் மீதியில் பெரும்பங்கு போயிற்று. ஏற்றியைக் கழற்றுவது இரைச்சலுக்காக மட்டும் அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: தலையில் மின்முனை ஒட்டியிருக்கும் நேரத்தில் பலகையோ அதனோடு கம்பியால் இணைந்த எதுவுமோ சுவர் மின்சாரத்தைத் தொடக்கூடாது. முழு அமைப்பும் மின்கலத்தில்தான் ஓட வேண்டும்.

எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மிக எளிய வழி கண்ணை மூடுவது. மூடிய ஓரிரு நொடிக்குள் பின்புற மின்முனைகளில் பத்து ஹெர்ட்ஸ் அலை சீராக எழ வேண்டும். திறந்ததும் சரிய வேண்டும். இது தெரியாத நாளில் மேற்கொண்டு எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தங்கை தலையில் முதன்முறை ஒட்டியபோது ஆல்பா எழவே இல்லை. அரை மணி நேரம் ஒவ்வொரு கம்பியாகச் சோதித்த பிறகுதான், காது மடலில் இருந்த ஒப்பீட்டு மின்முனை அவள் கம்மலின் திருகாணி மேல் ஏறி நிற்பதைப் பார்த்தேன்.

இரண்டு கடிகாரங்கள்

அடுத்த தொல்லை நேரம். புள்ளிகளைக் காட்டும் நிரல் கணினியில் ஓடுகிறது. அலைகளை அளக்கும் பலகைக்குத் தனிக் கடிகாரம். இடையே ரேடியோ இணைப்பு. "இப்போது புள்ளிகள் தோன்றின" என்று கணினி எழுதிவைக்கும் நேரத்துக்கும், அந்தக் கணத்தின் மூளையலை கணினியை வந்தடையும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் கழித்துவிடலாம். அது ரேடியோவில் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் மாறியது. பத்து ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சி 100 மில்லிநொடி. இருபது ஹெர்ட்ஸ் அலைக்கு 50 தான். நேரக்குறிப்பு 30, 40 மில்லிநொடி முன்பின்னாக ஆடினால், அலைகளின் கட்டத்தைப் பற்றி, அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பற்றி, எதுவும் பேச முடியாது. வீச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்ப்பதற்கு இது அவ்வளவு பெரிய குறையன்று. ஆனாலும் எனக்கு உறுத்தியது.

தீர்வு எளிமையாகத்தான் இருந்தது. அதைக் கண்டடைய இரண்டு வாரம் பிடித்தது. பலகையில் கூடுதலாக இருந்த அளவீட்டு உள்ளீடுகளில் ஒன்றில் ஓர் ஒளி உணரியை இணைத்து, திரையின் கீழ்மூலையில் கறுப்பு நாடாவால் ஒட்டினேன். புள்ளிகள் தோன்றும் அதே சட்டகத்தில் அந்த மூலையில் ஒரு வெள்ளைச் சதுரமும் தோன்றும்படி நிரலை மாற்றினேன். இன்னோர் உள்ளீட்டில் பொத்தான். இப்போது தூண்டல் (புள்ளிகள் தோன்றுவது), பொத்தான் அழுத்தம், மூளையலை மூன்றும் ஒரே சில்லுத் தொகுதியில், ஒரே கடிகாரத்தில் பதிவாயின. கணினி எழுதிய நேரக்குறிப்பைத் தூக்கிப்போட்டேன். பொத்தான் கணினிக்கும் செய்தி சொல்ல வேண்டும், பலகைக்கும் சொல்ல வேண்டும் என்பதால், ஒரே அழுத்தத்தில் இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள் மூடும்படி அடியில் அமைத்தேன். இரண்டு பக்கங்களும் கம்பியால் ஒன்றையொன்று தொடுவதில்லை.

முதல் வரைபடம் சொன்ன பொய்

ஐந்து கடின நிலைகள்: சேர்ந்து நகரும் புள்ளிகளின் பங்கு 3, 6, 13, 26, 51 விழுக்காடு. நிலைக்கு 80 சுற்று, ஆக 400. ஒரே அமர்வில் செய்தால் தூக்கம் வந்து ஆல்பா எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவதால், இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொண்டேன். எந்த ஒரு சுற்றின் அலையைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. இதை முன்பே படித்திருந்தும், கண்ணால் பார்த்தபோது ஏமாற்றமாகவே இருந்தது. சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது இரைச்சல் சுற்றெண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. நூறு சுற்றுகளைச் சேர்த்தால் பத்தில் ஒன்றாகிறது. தேடும் பொருள் அப்போதுதான் தலைகாட்டும்.

சராசரி எடுத்து, வலக்கை அழுத்திய சுற்றுகளுக்குச் சி3இன் பீட்டா வலிமை கழித்தல் சி4இன் பீட்டா வலிமை, இடக்கைக்கு மறுதலை என்று பக்கச் சாய்வைக் கணக்கிட்டு வரைந்தேன். கோடு கீழே இறங்க இறங்க, அழுத்தும் கையின் பக்கம் சாய்வு வளர்கிறது என்று பொருள். கோடு மிக அழகாக இறங்கியது. சற்று அளவுக்கு மீறி அழகாக: புள்ளிகள் திரையில் தோன்றுவதற்கு முன்பே சாய்வு தொடங்கியிருந்தது. புள்ளிகளைப் பார்க்கும் முன்பே என் மூளை விடையை அறிந்திருந்ததா? இப்படி ஒரு வரைபடம் கிடைத்தால் முதலில் ஐயப்பட வேண்டியது நிரலைத்தான்.

இதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றும் வேறுவேறு வகை. முதலாவது, கணக்கின் கசிவு. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணின் வலிமையை அளக்க, அந்த அதிர்வெண்ணின் சில சுழற்சிகளைக் கொண்ட சிற்றலையைத் தரவின்மேல் ஓட்டுகிறோம். ஏழு சுழற்சி கொண்ட சிற்றலை 20 ஹெர்ட்ஸில் 350 மில்லிநொடி நீளம். ஒரு கணத்தில் நிகழ்ந்த மாற்றம் அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் சுமார் 175 மில்லிநொடி பரவித் தெரியும். காலத்தில் பின்னோக்கியும் வழியும். விரைவாக விடையளித்த எளிய சுற்றுகளில், அழுத்தத்தின்போது ஏற்பட்ட மாற்றம் தூண்டலை நோக்கிக் கசிந்திருந்தது. நான்கு சுழற்சிச் சிற்றலைக்கு மாறினேன். அதிர்வெண் துல்லியம் குறைந்தது, பரவாயில்லை.

இரண்டாவது காரணம் தாடை. கடினமான சுற்றுகளில் நான் அறியாமலே பற்களைக் கடித்திருக்கிறேன். நெற்றிப்பொட்டுத் தசையின் மின்சாரம் 20 ஹெர்ட்ஸுக்கு அருகிலிருந்தே தொடங்கி மேல் அதிர்வெண்களில் அகலமாகப் பரவுவது. பீட்டாவின் மேற்பகுதியில் அது வெள்ளமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இடையில் நாக்கின் ஓரத்தை மெல்ல வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் இது பெரும்பாலும் ஒழிந்தது. 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய சுற்றுகளையும் நீக்கினேன். 400இல் 331 மிஞ்சின.

மூன்றாவது காரணம்தான் சுவையானது. அது பிழையே அன்று. ஒரு முறை வலப்பொத்தானை அழுத்தியபின் சி3இல் பீட்டா மேலெழும்புகிறது என்றேன் அல்லவா? சுற்றுகளுக்கு இடையே நான் விட்டிருந்தது ஒரு நொடி மட்டுமே. ஆகவே முந்தைய விடையின் மீளெழுச்சி அடுத்த சுற்றின் தொடக்கத்தில் இன்னும் இருந்தது. சற்றுமுன் அழுத்திய கையின் புறணியில் பீட்டா மிகுந்திருந்ததால், புள்ளிகள் தோன்றும்போதே தராசு மறுகையின் பக்கம் சாய்ந்திருந்தது. என் விடைப் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன்: 3 விழுக்காடு சுற்றுகளில், அதாவது கிட்டத்தட்ட குருட்டாம்போக்கில் விடை சொல்லும் இடத்தில், இடம்–வலம் என மாறிமாறி அழுத்தும் போக்கு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. 2016இல் பேப், சீகல் இருவரும் இதையேதான் அறிவித்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். முந்தைய அசைவின் எச்சமே அடுத்த முடிவின் தொடக்கப்புள்ளியை நகர்த்துகிறது. என் வேலைக்கு அது இடையூறு என்பதால் இடைவெளியை மூன்று நொடியாக்கி, எல்லாச் சுற்றுகளையும் மீண்டும் பதிந்தேன்.

இறங்கும் கோடு

இரண்டாம் பதிவில் தூண்டலுக்கு முன் கோடு தட்டையாக இருந்தது. அதன்பின் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 400 மில்லிநொடி முன்பிருந்து சாய்வு தெளிவாக வளர்ந்தது. கணக்கின் கசிவைக் கருதினால் இந்த எண்ணில் நூறு மில்லிநொடி வரை முன்பின் இருக்கலாம். ஐந்து நிலைகளையும் தனித்தனியாக வரைந்தபோது கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. நிலைக்கு அறுபது எழுபது சுற்று போதவில்லை. கடினமான இரண்டையும் எளிதான இரண்டையும் சேர்த்து இரண்டு கோடுகளாக வரைந்தபோது படம் பேசியது. புள்ளிகள் தோன்றிய கணத்தைத் தொடக்கமாக வைத்துப் பார்த்தால், எளிய சுற்றுகளின் கோடு செங்குத்தாக இறங்கியது. கடினமானவற்றின் கோடு தயங்கித் தயங்கி இறங்கியது. அதே தரவை அழுத்திய கணத்தை ஒட்டி அடுக்கினால், இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் வந்து சேர்ந்தன.

இந்த இரண்டாம் பார்வைக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று தோன்றியது. 1978இல் ராட்கிளிஃப் முன்வைத்த மாதிரியில், முடிவு என்பது சான்றுகளைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு வரம்பைத் தொடுவது: சான்று வலுவாக இருந்தால் வரம்பை விரைவில் தொடும், நலிந்திருந்தால் நேரமாகும், ஆனால் வரம்பு ஒன்றே. அது விடை நேரங்களையும் பிழைகளையும் விளக்க எழுந்த கணக்கு. அதன் நிழல் போன்ற ஒன்று என் உச்சந்தலையில் ஒட்டிய பசைக்கு அடியிலிருந்து வந்தது.

பிறகு ஓர் அமர்வில், துல்லியத்தைவிட வேகம் முக்கியம் என்று எனக்கே விதித்துக்கொண்டு 120 சுற்று செய்தேன். நான் எதிர்பார்த்தது சாய்வு செங்குத்தாகும் என்பது. நடந்தது வேறு: புள்ளிகள் தோன்றும் முன்பே இரு பக்கமும் பீட்டா தாழ்ந்து கிடந்தது. இரண்டு கைகளும் வரம்புக்கு அருகிலேயே காத்திருந்தன. கொஞ்சம் சான்று கிடைத்ததும் ஏதோ ஒன்று தொட்டுவிட்டது. பிழைகள் பெருகியதில் வியப்பில்லை.

மறைத்துவைத்த விதி

இந்த மகிழ்ச்சியில் ஓட்டை போட்டவள் தங்கை. நான் வரைபடத்தைக் காட்டி "இதோ, முடிவு உருவாகிறது" என்றதும், "இது முடிவு உருவாவதா, கை ஆயத்தமாவதா? இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று இதில் எங்கே தெரிகிறது?" என்று கேட்டாள். தெரியாது. இடம் என்ற முடிவும் இடக்கை என்ற அசைவும் என் சோதனையில் ஒட்டியே இருந்தன.

ஆகவே அவற்றைப் பிரித்தேன். புள்ளிகள் ஒரு நொடி ஓடி மறையும். மேலும் ஒரு நொடி வெறுமை. அதன்பிறகே திரையின் இரு ஓரங்களில் இரண்டு அம்புக்குறிகள் தோன்றும். இடத்திசையைக் காட்டும் அம்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கப் பொத்தானே "இடம்" என்ற விடைக்குரியது. பக்கம் சுற்றுக்குச் சுற்று மாறும். 51 விழுக்காடு புள்ளிகளோடு மட்டும் 160 சுற்று. ஆகவே புள்ளிகள் மறையும்போது எனக்குத் திசை ஐயமின்றித் தெரிந்திருந்தது.

முடிவு கைவசம் இருந்த அந்த வெற்று நொடியில் பக்கச் சாய்வு இல்லை. இரு பக்கமும் பீட்டா சற்றே தளர்ந்தது, அவ்வளவுதான். அம்புகள் தோன்றியபின் சாய்வு சரசரவென்று இறங்கியது. ஆக, நான் மூன்று மாதமாகத் துரத்தியது, முடிவு ஒரு கையோடு கட்டப்பட்டிருக்கும்போது அந்தக் கையின் ஆயத்தத்தில் படியும் தடம். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால் அந்த இடத்தில் தடமும் இல்லை. கையோடு கட்டப்படாத சான்றுக் குவிப்பு ஒன்று உச்சிக்குப் பின்புறம், நடுக்கோட்டில், மெதுவான நேர்மின் மேடாக எழுகிறது என்று 2012இல் ஓ'கானல், டாக்ரீ, கெல்லி ஆகியோர் காட்டியிருக்கிறார்கள். அழுத்தச் சொல்லாமல் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளச் சொன்னபோதும் அது எழுந்தது. அது தாள அலைவன்று, மெல்ல ஏறும் மின்னழுத்தம்; என் பதிவில் அதைப் பார்க்க முடியாமல் போனதற்கு மூளை காரணமன்று. இரைச்சலுக்குப் பயந்து ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் வடிகட்டியிருந்தேன். அந்த இடத்தில் மின்முனையும் வைக்கவில்லை.

நடுக்கோட்டில் முன்னே வைத்திருந்த ஒற்றை மின்முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவறான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று உணர்ந்த சுற்றுகளில் அங்கே 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான தீட்டா எழும்பியது. வேக அமர்வில் பிழை மிகுந்ததால் இது நன்றாகவே தெரிந்தது. முரண்பட்ட தெரிவுகள் எதிர்ப்படும்போது இந்தத் தீட்டா உயர்ந்து, வரம்பை உயர்த்தி, "சற்றுப் பொறு" என்று நிறுத்திவைப்பதாக காவனாவும் உடன் பணியாற்றியோரும் 2011இல் கண்டார்கள். பார்க்கின்சன் நோயாளர்களின் மூளை ஆழத்தில், சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் நரம்பணுத் திரளில் மின்தூண்டலை இயக்கியபோது அந்த உறவு தலைகீழானது: தீட்டா உயர்ந்த இடத்தில் அவர்கள் பொறுப்பதற்கு மாறாக விரைந்தார்கள். இதை என் பலகையால் சோதிக்க வழியில்லை. 6 ஹெர்ட்ஸில் நான்கு சுழற்சிச் சிற்றலையே அரை நொடியைத் தாண்டிவிடும் என்பதால், பிழைக்கு முன்னா பின்னா என்று பிரித்துச் சொல்வதே எனக்குக் கடினமாக இருக்கிறது.

இப்போது நெற்றி மின்முனையைக் கண்ணருகே கீழே இறக்கி, சி3, சி4 இரண்டின் முன் அண்டைகளைக் கழற்றி, அவற்றை உச்சியின் பின்புற நடுக்கோட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வடிகட்டியை 0.1 ஹெர்ட்ஸுக்குத் தாழ்த்தியதில் வியர்வையின் மெதுவான அலைச்சல் புதிய தொல்லையாகியிருக்கிறது. அறையைக் குளிரவைத்துவிட்டு, தங்கையின் கம்மலைக் கழற்றச் சொல்லிவிட்டு, மறைத்த விதிச் சோதனையை முதலிலிருந்து தொடங்குகிறேன்.